43 பெயர்கள்: பழைய தோட்டத்து நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

தோட்டம் கைமாறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. லயன் வீடுகள் நின்ற இடத்தில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வந்துவிட்டது. பால் மரம் இருந்த மேடெல்லாம் செம்பனை. இன்றைக்கு நம்மைச் சேர்த்து வைத்திருப்பது மாரியம்மன் திருவிழாவும், கைப்பேசியில் இருக்கும் புலனக் குழுவும், வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் குடிக்கிற தே தாரிக்கும்தான். இதைக் கடையிலேயே சொல்லியிருக்கலாம். நாலு பேர் பேசும் இடத்தில் நான் வாயைத் திறந்தால் “வாத்தியார் ஆரம்பிச்சிட்டாருலா” என்று நீங்கள் சிரித்துக் கலைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதிவிடுகிறேன். புத்தகமும் படமும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புகிற விதத்தைப் பற்றிக் குற்றம் சொல்லத்தான் எழுதுகிறேன். முதல் குற்றவாளி நான் என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வருஷத் திருவிழா முடிந்த மறுவாரம், ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்க்கும் நம்ம தம்பி குழுவில் ஒரு கேள்வி கேட்டான். “ராத்திரி டூட்டி, பன்னிரண்டு மணி நேரம். ஏதாவது நல்லதா சொல்லுங்க. படிக்கிறதோ, பார்க்கிறதோ.” இரண்டே வரி. விடிவதற்குள் 43 பெயர்கள் வந்து விழுந்தன. உட்கார்ந்து எண்ணினேன். கொரிய நாடகம் மட்டும் ஒன்பது. ஒருவர் ‘சாவதற்கு முன் பார்க்க வேண்டிய 100 படங்கள்’ என்று ஒரு படத்தையே ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். (அதை 43இல் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறேன், இல்லாவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.) என் பங்குக்கு நான் அனுப்பியது பதினொன்று. ‘கட்டாயம் பார்’, ‘விட்டுடாதே’, கூடவே மூன்று தீக்கொழுந்து. ஏன் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. நானும்தான்.

பத்து நாள் கழித்துக் கடையில் அவனைப் பார்த்தேன். எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். “எதையும் பாக்கலண்ணே. எதுல ஆரம்பிக்கிறதுன்னு மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருந்தேன், தூக்கம் வந்திருச்சு. அப்புறம் பழைய வடிவேலு காமெடிதான் ஓடுச்சு.”

அவன் மேல் தப்பே இல்லை. பசிக்கிறது என்று வந்தவனிடம் நாம் சந்தையைக் காட்டிவிட்டு வந்துவிட்டோம்.

நம்மில் மூத்தவர்களுக்கு இரண்டாவது டிவிஷனில் இருந்த என் சின்னையாவை ஞாபகம் இருக்கும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டில் படித்து முடித்த தமிழ் நேசன் இரண்டு நாள் பழசாக அவர் கைக்கு வரும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை அது. நம் தோட்டத்தில் அது காகிதமாக வீட்டுக்கு வீடு போனதில்லை, சின்னையாவின் குரலாகத்தான் போனது. சாயங்காலம் படியில் உட்கார்ந்துகொள்வார். எதிரே பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருப்பார்கள். மனிதர் பத்திரிகை முழுவதையும் படிக்கமாட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைப் பாட்டிக்குக் கோயில் செய்தி, சங்கத்து ஆட்களுக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை, இளவட்டங்களுக்கு பந்து விளையாட்டு என்று எடுத்து எடுத்துப் படிப்பார். ஞாயிறு பதிப்பில் சிறுகதை வந்தால் அது எல்லோருக்கும். முடிவுக்குப் பத்து வரி இருக்கும்போது நிறுத்திவிட்டுச் சுருட்டைப் பற்ற வைப்பார். தீக்குச்சி வேண்டுமென்றே இரண்டு தரம் அணையும். “அட, சொல்லித் தொலைங்களேன்” என்று யாராவது கத்திய பிறகுதான் மிச்சம்.

ஒரு நாள் நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு வயது இருக்கும். கதையில் ஒரு பத்தியை அவர் தாண்டிப் போனார். புத்திசாலித்தனத்தைக் காட்டும் ஆசையில், “சின்னையா, ஒரு பத்தியை விட்டுட்டீங்க” என்றேன். திரும்பாமலேயே கையைப் பின்னால் விட்டுத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார், இன்றைக்கும் வலிக்கிறது. அந்தப் பத்தியில் ஒரு கைக்குழந்தை சாகிறது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் நாலாவது வீட்டு அக்கா தன் பிள்ளையைப் புதைத்திருந்தார். அவர் அப்போது எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

பரிந்துரை என்ற வார்த்தையெல்லாம் சின்னையாவுக்குத் தெரியாது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். லோரி ஓட்டும் நம்ம அண்ணனுக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைக் கொடுத்தேன். கொடுக்கும்போது என்ன சொன்னேன் தெரியுமா? “இதைப் படிக்காட்டி தமிழ் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லண்ணே.” அவரைத் தள்ளி வைக்க அந்த ஒரு வார்த்தை போதாதா! எட்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. “நல்லா இருந்துச்சுப்பா” என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தால் பதினேழாம் பக்கத்தில் டீசல் ரசீது. அதற்குப் பிறகு தாள்கள் ஒட்டிக்கொண்டு புதுசாகவே இருந்தன.

கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தபோது, அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதைத்தான் இரண்டாவது தடவை கொடுக்கும்போது சொன்னேன்:

“அண்ணே, இது 1972இல் வந்த நாவல். எழுதினவர் சிங்கம்புணரிக்காரர், இளவயசிலேயே மெடானுக்கு வேலைக்கு வந்தவர். கதை நடக்கிறது நமக்கு எதிர்க்கரையில், சுமத்ராவில், அப்புறம் பினாங்கில். ஜப்பான்காரன் காலம். ஆரம்பத்தில் ஆள் பெயரும் தெருப் பெயருமா வந்து குழப்பும், நிக்காமப் போங்க. நடுவில் மதுரையையும் ஊரையும் நினைச்சுக்கிட்டு ஒரே மூச்சில் பக்கம் பக்கமாப் பேசுவாங்க. பழைய இலக்கியத்தைப் பிடிச்சுக் கேலி பண்ணுவாங்க. பிடிச்சா ரசிங்க, இல்லாட்டித் தாண்டுங்க. மலாய்ச் சொல் வர்ற இடத்தில் தமிழ்நாட்டுக்காரர்தான் திணறுவார், நமக்கு அது வீட்டுப் பேச்சு. கடலைத் தாண்டுறப்போ புயல் அடிக்கிற பகுதி ஒண்ணு இருக்கு. பழைய ரோட்டில் மழையில் பாரம் ஏத்திக்கிட்டு வந்தவர் நீங்க. அதை மட்டும் முதல்ல படிங்க. படிச்சிட்டு ஒரு போன் போடுங்க.”

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். டீசல் ரசீது இப்போது எண்பதைத் தாண்டியிருக்கிறது. புயல் பகுதியைப் படித்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்து, படகு ஓட்டுகிறவன் செய்தது சரியா தப்பா என்று என்னோடு சண்டை போட்டார். எனக்குக் கடலும் தெரியாது, லோரியும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ராத்திரிகளில் அது ஒன்று.

இன்னொரு புத்தகம் போன வழி வேறு. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. நம் நாட்டில் எழுதிய நாவல், நம் ஆட்களின் கதை. முனிசிபலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பருக்குக் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஆறு மாதம் கிடந்தது. ஒரு நாள் அவருடைய அம்மா, எண்பத்தைந்து வயதுக்கு மேல், பெருக்கும்போது அதை எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. “இது என்னடா ரயிலு?” என்று கேட்டார். சயாம் ரயில் என்று மகன் சொன்னார். அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாராம்.

அம்மாவின் அப்பா சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. நமக்கெல்லாம் அது ‘தாத்தா சயாமுக்குப் போனார்’ என்ற ஒரு வரி. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரைக்கும் ஏறக்குறைய 415 கிலோமீட்டர் தண்டவாளம், ஜப்பான்காரர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். செத்தவர்களில் பெரும்பகுதி ஆசியத் தொழிலாளர்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல ஆயிரம் பேர். 1957இல் அந்தப் பாதையில் இருந்த குவாய் ஆற்றுப் பாலத்தை வைத்து ஓர் ஆங்கிலப் படம் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கியது. இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். அதில் நம் ஆள் ஒருத்தனைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அந்த வீட்டில் அன்று ராத்திரியிலிருந்து மகன் படிக்க, அம்மா கேட்டார். தினமும் நாலைந்து பக்கம். மூன்றாம் நாள் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானே பேச ஆரம்பித்திருக்கிறார். அப்பா போன அன்று அவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார் என்றும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று மண்டோர் கங்காணி சொன்னதாகவும், அம்மாயி அவல் கட்டிக் கொடுத்ததாகவும். அறுபது வயது மகன் இதை முதல் தடவையாகக் கேட்கிறார். புத்தகத்தில் அது எதுவும் இல்லை. புத்தகம் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது.

நான் யாருக்குக் கொடுத்தேன், யாரிடம் போய்ச் சேர்ந்தது பாருங்கள். அதனால் இதில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை. இதே ரயிலைப் பற்றி அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இருக்கிறது, சுங்கைப்பட்டாணிக்காரர் கோ. புண்ணியவான் எழுதிய ‘கையறு’ இருக்கிறது. வீட்டில் சயாமுக்குப் போனவர் இருந்தால், தயவுசெய்து கண்ணால் படிக்காதீர்கள். வீட்டில் கேட்கக்கூடிய காது இருக்கும்போதே வாயால் படியுங்கள். அந்தக் காதுகள் இன்னும் எத்தனை வருஷம் நம்மோடு இருக்கும்?

சரி, படத்துக்கு வருகிறேன்.

‘ஜகாட்’ 2015இல் வந்தது. இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டு, புறம்போக்கு வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்த நம் குடும்பங்களைப் பற்றிய படம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. அப்போய் என்று ஒரு பையன். நல்ல மூளை, கற்பனை. அப்பா அவனைப் படி படி என்று அடிக்கிறார். ஒரு சித்தப்பா கும்பலில் இருக்கிறார், இன்னொருவர் போதையிலிருந்து மீண்டு வந்தவர். தலைப்பு, கெட்டது என்று பொருள்படும் மலாய் ‘ஜாஹாட்’ நம் வாயில் மாறிய விதம்தான், அதிலேயே பாதிக் கதை இருக்கிறது. படத்தில் பேசுகிற தமிழ் நாம் பேசுகிற தமிழ். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது கிடைத்தது. போட்டிப் படங்களை மொழி பார்த்துப் பிரிக்கலாமா என்று அந்த வருஷம் நாடே சண்டை போட்டுக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

இதை நாம் ஒன்பது பேர் என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். நான்தான் கூப்பிட்டேன். தீபாவளி முறுக்கு மிச்சம் இருந்தது, தட்டு சுற்றிச் சுற்றி வந்தது. அரைமணி நேரத்துக்கு “டேய், அது நம்ம வாத்தியார் மாதிரி இல்ல?” என்று ஒரே சத்தம். அப்புறம் சத்தம் குறைந்தது. அப்பா பையனை அடிக்கும் இடத்தில் ஒருவர் எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போனார். படம் முடிகிற வரை உள்ளே வரவில்லை. அவருடைய தம்பி எப்படிப் போனான் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கூப்பிடும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல படம் காட்டப்போகிறேன் என்ற மிதப்பில் இருந்தேன். சின்னையாவாக இருந்தால் அவரை அன்றைக்குக் கூப்பிட்டிருக்கவே மாட்டார். கூப்பிட்டிருந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, “இதுல இப்படி ஒண்ணு வருது, உட்கார முடியுமா பாரு” என்று கேட்டிருப்பார்.

அண்ணே, இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஒன்று சொல்லலாமா? படம் முடிந்த பிறகு நாம் உட்கார்ந்து பேசவும் இல்லை. செருப்பைத் தேடினோம், கிளம்பினோம். மறுநாள் குழுவில் ஒருவர் ‘சூப்பர் படம்’ என்று எழுதினார், எட்டுப் பேர் கட்டைவிரலைக் காட்டினீர்கள். அந்தப் பையன் கடைசியில் போன பாதை அப்பாவாலா, பள்ளிக்கூடத்தாலா, தோட்டம் போனதாலா என்று எனக்கு இன்றைக்கும் வாதாட ஆசை. ஒருத்தரும் கிடைக்கவில்லை.

இன்னும் சிலது கையில் இருக்கிறது, யாருக்கு என்று சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வயசுப் பிள்ளைகளோடு எதைப் பார்ப்பது என்று திண்டாடும் அக்காவுக்கு யாஸ்மின் அகமட்டின் ‘தலெந்தைம்’, 2009. பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டி. மெலூர் என்ற பெண்ணை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிற மகேஷ், காது கேளாத தமிழ்ப் பையன். சிரிக்க வைத்தே உங்களை அழ வைத்துவிடும், துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து வரும், அது நமக்கு ஒரு பொருட்டா என்ன. சங்கத்தில் முப்பது வருஷம் இருந்த அண்ணனுக்கு ‘சுழல்’, 2022இல் வந்த தொடர், எட்டுப் பகுதி. சிமெண்டு ஆலைத் தகராறு, சங்கத் தலைவராகப் பார்த்திபன், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. அந்தத் தலைவரைப் பார்த்து நீங்கள் திட்டுவீர்களா தட்டிக்கொடுப்பீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடாதீர்கள், கதை போய்ச் சேரும் இடம் அப்படி. ‘பரதேசி’ படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை என்று சொன்ன தங்கைக்கு அதற்கு வேராக இருந்த நாவல், ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார், இரா. முருகவேள் தமிழில் தந்தார். படத்தைவிடப் புத்தகம் நிதானமாக நடக்கும். எனக்குப் புத்தகம்தான் மேல். படத்தில் கண்ணீர் கொஞ்சம் கூடுதல்.

தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வந்த நம் ஊர்ப் படம், ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி மேலே படிக்க ஆசைப்படுகிற கதை. ஒன்றும் நடக்காத மாதிரி மெதுவாகப் போகும். பொறுமை இருக்கிற அன்றைக்குப் பாருங்கள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவீர்கள்.

ம. நவீனின் ‘பேய்ச்சி’ உண்டா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். 2020இல் உள்துறை அமைச்சு தடை செய்த நாவல் அது. எனவே என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்கும் ஒன்று வேண்டும். இந்த ஊரில்தான் 1948 ஜூன் 16ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வந்தது. பள்ளிப் புத்தகத்தில் துரைமார் வரலாறு இருக்கிறது. அன்றைக்குக் காலையில் அங்கே பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நின்ற நம் ஆட்களுக்கு அடுத்த மாதங்களில் என்ன ஆனது என்று விரிவாகப் படிக்க ஆசை. ஆசிரியை அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பத்துப் பெயர் வேண்டாம், ஒன்று போதும். எந்த அத்தியாயத்தில் தூக்கம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். காலையில் நாலரைக்கு எழுந்து பினாங்குத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதனால்தான் நாம் அனுப்புகிற பெயர் ஒவ்வொன்றும் அவர்களுக்குப் பாரம். பாதிப் பேர் இப்போது படத்தைப் பார்ப்பதற்குப் பதில் பத்து நிமிஷத்தில் ஒருவர் கதையைச் சொல்லிவிடுகிற காணொளியைப் பார்க்கிறீர்கள். ஒரு தடவை எனக்கும் அதைக் காட்டினீர்கள். ‘இந்த ஆள் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஓடுகிறான்’ என்று ஒரு குரல் மூச்சு விடாமல் ஓடியது. கதை முழுக்கத் தெரிந்துவிட்டது, ஒரு முகம்கூட மனசில் நிற்கவில்லை. சின்னையா சுருட்டைப் பற்ற வைத்த அந்த இரண்டு நிமிஷத்தை அதில் எங்கே தேடுவது? நாள் முழுக்க அலுத்து வந்தவர் அதைப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ‘அந்தப் படத்தைப் பார்த்துட்டேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

என் கோரிக்கை சின்னது. ஒருத்தர் மாதத்துக்கு ஒன்று, ஒரே ஒருத்தருக்கு. குழுவுக்கு அனுப்பக் கூடாது, அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டும், முடிந்தால் கடையில் வைத்து நேரில். ஏன் இது உனக்கு என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே இழுக்கும், எதைத் தாண்டலாம், எந்த இடம் உன்னை நோகடிக்கலாம், இதெல்லாம் வாயில் வருகிற அளவுக்கு நீங்கள் அதை முழுக்கப் படித்திருக்க வேண்டும், பார்த்திருக்க வேண்டும். படிக்காத புத்தகத்தைப் படிக்கச் சொல்வது இங்கே பாதிப் பேருக்கு வழக்கம். யார் என்று சொல்லவில்லை, நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டவர் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். கொடுத்தவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது. இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

புத்தகங்களுக்கு ஒரு பழைய பிஸ்கட் டின் வாங்கியிருக்கிறேன், சதுர டின், முகம் பார்க்கலாம் போல மூடி. கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு 555 புத்தகம். உங்கள் எல்லோர் வீட்டுக் கடனும் ஒரு காலத்தில் சீனர் கடை 555இல் ஏறியிருக்கும். அரிசி இத்தனை, மண்ணெண்ணெய் இத்தனை, சம்பளத்தன்று கோடு. அதே மாதிரி இதிலும் யார் யாருக்குக் கொடுத்தார், எந்தத் தேதி, அவ்வளவுதான். படித்து முடித்துப் பேசி முடித்ததும் கோடு. பேசாமல் திருப்பிக் கொடுத்தால் கோடு கிடையாது, கடன் நிற்கும். இந்நாட்டு எழுத்தாளர் புத்தகமாக இருந்தால் ஒன்றையாவது நம் காசில் வாங்குவோம். நகலெடுத்துச் சுற்றவிட்டால் அடுத்த புத்தகத்தை அவர் எந்தக் காசில் போடுவார்?

முதல் பக்கத்தில் நான் எழுதிவிட்டேன். ஜாகா தம்பிக்கு.

தம்பி, 43 பெயரையும் மறந்துவிடு. டின்னில் உனக்கென்று ஜெயமோகன் எழுதிய ‘அறம்’ இருக்கிறது. கதைகள்தான், முழுவதையும் படிக்க வேண்டாம். ‘யானை டாக்டர்’ என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் படி. ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம், இரண்டு தரம் சுற்றி வந்து கார்டு தட்டுகிற நேரம் போக. வி. கிருஷ்ணமூர்த்தி என்று தமிழ்நாட்டுக் காடுகளில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த நிஜ மருத்துவரை வைத்து எழுதியது. ஏன் உனக்கு என்றால், போன வருஷம் நம் ஊருக்குப் பக்கத்து லாசாவில் வேலையில் இருந்தபோது வேலிக்கு வெளியே விடியக்காலையில் யானை நின்றதைக் கடையில் சொன்னாய். எல்லோரும் எவ்வளவு பெருசு என்று கேட்டார்கள். நீ மட்டும் அது ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது என்றாய். அதை யாரும் காதில் வாங்கவில்லை. இந்தக் கதையைப் படித்தால் அது ஏன் என்று உனக்கே ஒரு எண்ணம் வரும்.

சாப்பிடும்போது படிக்காதே, செத்த யானையும் புழுவும் வரும். அந்த இடத்தில் மூடிவிடாதே, புழுவைப் பற்றி டாக்டர் சொல்வதற்காகத்தான் கதையே. கடைசி இரண்டு பக்கத்தைச் சுற்று முடித்துவிட்டு, உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை எனக்கு ஈப்போவில் ஒரு வேலை இருக்கிறது, வர ஒன்பதரை ஆகும். அதற்கு முன்னால் வந்தால் எனக்கும் ஒரு தே தாரிக் சொல்லி வை, சீனி குறைவாக.

அன்புடன்,
இரண்டாவது டிவிஷன், கடைசி லயத்துக்காரன்